பீர் பயணம்: ஒரு பானத்தை அதன் ஊரிலேயே போய்ப் பருகுவது ஏன்?

வெளிநாட்டுப் பயணம் என்றால் கோட்டை, தேவாலயம், அருங்காட்சியகம், மலைவாசத்தலம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் பட்டியல் போடுகிறோம். செக் குடியரசுக்கும் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் போகிறவர்களில் ஒரு சாரார் அந்தப் பட்டியலைப் பீரை வைத்துப் போடுகிறார்கள். பீர் காய்ச்சும் ஆலைக்குள் சென்று அது உருவாகும் விதத்தைப் பார்ப்பது, ஆலையை ஒட்டிய மதுக்கூடத்தில் உள்ளூர்க்காரர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து அதைப் பருகுவது, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பீர் விழாவுக்கு நாள் பார்த்துப் போவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே பீர் பயணம். நிறையக் குடிப்பதற்கான பயணம் இது என்று நினைத்தால் பிசகு. போதை ஏறியவருக்கு இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டிய எதுவும் கண்ணில் படாது.

உலகின் எந்த மூலையில் இருக்கும் கடையிலும் ஜெர்மன் பீர் கிடைக்கும்போது அதற்காக ஏன் ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை பீரின் இயல்பிலேயே இருக்கிறது. பெரும்பாலான பீர் வைத்திருந்து முதிரும் பானம் அன்று. வெப்பமும் வெளிச்சமும் நாட்பட்ட சேமிப்பும் அதைக் கெடுக்கின்றன. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்புப் பொருள்கள் வெளிச்சம் பட்டால் வேதிமாற்றம் அடைந்து ஒருவகைத் துர்நாற்றத்தை உண்டாக்கும். ஏற்றுமதிக்கான பீர் நெடுநாள் தாங்க வேண்டும் என்பதற்காக வடிகட்டப்பட்டு, சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. அந்த நடைமுறையில் அதன் மணத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது. அதைவிடப் பெரிய காரணம், ஊரின் தண்ணீர், நிலவறையின் குளிர்ச்சி, பழைய அரசாணைகள், ஊற்றுகிறவரின் கைப்பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பீரின் குணத்தை உருவாக்குகின்றன என்பது. புட்டியில் அடைத்து அனுப்ப முடிவது இவற்றில் பாதிதான்.

ஆலைகளில் காண்பது புரிய வேண்டுமானால், பீர் காய்ச்சும் முறையைச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவதற்காகக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பதைப் போலவே, பார்லியையும் ஊறவைத்து முளைக்கவிட்டு, முளை நீள்வதற்குள் சூட்டில் உலர்த்துகிறார்கள். இதுவே மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக்கூடியவை என்பதால், மால்ட்டை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கிறது. அந்தச் சாற்றில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்க வைத்தால் கசப்பும் மணமும் சேர்கின்றன. பிறகு அதை ஆறவைத்து ஈஸ்ட்டைச் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ஈஸ்ட்டில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. சற்றே வெதுவெதுப்பான சூழலில் சில நாள்களில் வேலையை முடிக்கும் ஈஸ்ட்டால் ஆனவை ஏல் வகைப் பீர்கள். 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதித்து, அதன்பின் உறைநிலைக்கு அருகில் வாரக்கணக்கில் கிடத்தப்படுபவை லாகர் வகைப் பீர்கள். நம் ஊர்க் கடைகளில் விற்கும் மஞ்சள் நிறப் பீர் ஏறக்குறைய முழுவதும் லாகர்தான். அதன் மூதாதையைக் காண விரும்புகிறவர் செக் குடியரசின் பில்சன் நகருக்குப் போக வேண்டும்.

பிராகில் இருந்து பில்சனுக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். 1838-இல் இந்த ஊர்க்காரர்கள், தங்கள் ஊர்ப் பீர் குடிக்கத் தகுந்ததாக இல்லை என்று 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் கவிழ்த்துக் கொட்டினார்கள். அதன் பிறகு காய்ச்சும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் ஒன்றுகூடிப் புதிய ஆலை ஒன்றைக் கட்டி, ஜெர்மனியின் பவேரியாவில் இருந்து ஜோசப் க்ரோல் என்ற இளைஞரை அழைத்து வந்தனர். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய முதல் பீர், அதே ஆண்டு நவம்பரில் ஊராருக்கு ஊற்றப்பட்டது. பீர் என்றால் பழுப்பும் கலங்கலுமாக இருந்த அந்தக் காலத்தில், பொன்னிறமாகத் தெளிந்து, வெண்ணுரையோடு வந்த அந்தப் பானம் எல்லாரையும் வியக்க வைத்தது. அது அப்படி அமைந்ததற்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. புகையும் நேரடித் தீயும் படாமல் சூட்டுக் காற்றால் உலர்த்தும் முறையால் மால்ட் வெளிர் நிறமாகக் கிடைத்தது. பக்கத்துப் பகுதியான ஜாடெட்ஸில் மென்மையான கசப்புள்ள ஹாப்ஸ் விளைந்தது. குளிர்ந்த நொதிப்புக்கான ஈஸ்ட் பவேரியப் பழக்கத்தோடு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பில்சனின் தண்ணீர் தாது உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஜிப்சம் கலந்த கடின நீர் கிடைக்கிறது. அங்கே ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகத் தெறிக்கும் வெளிர் ஏல் சிறந்து விளங்கியதற்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாக அது அனுப்பப்பட்டதற்கும் அந்த நீரே துணை நின்றது. பில்சனின் மென்னீர் கசப்பின் கூர்மையைத் தணித்து நாக்கில் தங்கவிடுகிறது.

அன்று கட்டிய அந்த ஆலையே இன்றைய பில்சனர் உர்க்வெல். அதைச் சுற்றிப் பார்க்கப் பார்வையாளர்களை வழிகாட்டியோடு அழைத்துச் செல்கிறார்கள். செப்புக் கொப்பரைகளையும் புட்டி நிரப்பும் கூடத்தையும் பார்த்த பிறகு நிலவறைக்குள் இறங்க வேண்டும். வெளியே எத்தனை வெயிலாக இருந்தாலும் உள்ளே குளிர் நடுக்கும் என்பதால் மேலாடை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். ஈரம் கசியும் சுரங்கப் பாதைகளின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாகக் கிடக்கின்றன. பழைய முறையில் நொதித்த பீர் இன்றும் இங்கே சிறிதளவு வைக்கப்பட்டிருக்கிறது. பணியாளர் பீப்பாயின் குழாயைத் திறந்து குவளைக்குள் நேரடியாகப் பிடித்துத் தருகிறார். வடிகட்டாத, சூடாக்காத அந்தப் பீர் லேசாகக் கலங்கி இருக்கும். ரொட்டியின் மணமும், பின்னால் ஏறி வரும் கசப்பும் அதில் தனித்தனியாகத் தெரியும். புட்டிப் பீரை அறிந்தவருக்கு இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு ஆலையை மட்டும்தான் பார்க்க முடியும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

செக் மதுக்கூடங்களில் நுரையைப் பற்றிய பார்வையே வேறு. குவளையில் மூன்று விரல் அகலத்துக்கு நுரை நின்றால் நம்மவர் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். அவர்களுக்கோ ஈரமான, அடர்ந்த நுரை பீரைக் காற்றிலிருந்து காக்கும் மூடி. ஏறக்குறைய முழுவதும் நுரையாகவே ஊற்றப்படும் ஒரு வகையும் உண்டு. அது இனிப்பாக இருக்கும், உடனே குடித்து முடிக்க வேண்டும். ஒரே பீப்பாயின் பீரை ஊற்றும் விதத்தால் மட்டுமே வெவ்வேறு சுவையாக்கித் தருகிற இந்தக் கைத்திறனுக்கு அங்கே பெரிய மரியாதை இருக்கிறது. உட்கார்ந்ததும் மேசையில் ஒரு சிறு காகிதத் துண்டு வைக்கப்படும். ஒவ்வொரு குவளைக்கும் பணியாளர் அதில் ஒரு கோடு இழுப்பார், கிளம்பும்போது கோடுகளை எண்ணிப் பணம் வாங்கிக்கொள்வார். பழைய குவளையின் மிச்சத்தைப் புதிய குவளையில் கலப்பது அநாகரிகமாகக் கருதப்படுகிறது. பலகையில் 10, 12 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஆல்கஹாலின் விழுக்காடு என்று மிரள வேண்டாம். நொதிப்பதற்கு முன் சாற்றில் இருந்த சர்க்கரையின் அளவை அது காட்டுகிறது. 10 என்றால் ஆல்கஹால் சுமார் 4 விழுக்காடு, 12 என்றால் சுமார் 5.

பில்சனின் குளிர் நொதிப்பு எங்கிருந்து வந்ததோ அந்தப் பவேரியாவில், ஊரின் அமைப்பையே பீர் மாற்றியிருக்கிறது. 1516-இல் அங்கே பிறந்த ஆணை, பீருக்குப் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்றது. ஈஸ்ட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1553-இல் வந்த இன்னொரு ஆணை, கோடையில் பீர் கெட்டுப்போவதால் செப்டம்பர் இறுதி முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே காய்ச்சலாம் என்று வரையறுத்தது. ஆகவே கோடை முழுவதற்கும் வேண்டிய பீரை வசந்தத்துக்குள் காய்ச்சிச் சேமிக்க வேண்டியதாயிற்று. அதற்காகக் குன்றுச் சரிவுகளில் ஆழமான நிலவறைகளைக் குடைந்தார்கள். அவற்றின் மேல் வெயில் படாமல் இருக்க அகன்ற இலைகள் கொண்ட செஸ்நட் மரங்களை நட்டார்கள். அந்த மர நிழலில் பலகை போட்டு, கீழே இருந்து எடுத்த பீரை அங்கேயே விற்கத் தொடங்கினார்கள். மியூனிக் நகரத்து விடுதிக்காரர்கள் தங்கள் பிழைப்பு போகிறது என்று முறையிட்டபோது, மன்னர் மாக்சிமிலியன் ஜோசப் 1812-இல் ஒரு சமரசம் செய்தார். நிலவறைக்காரர்கள் பீரும் ரொட்டியும் விற்கலாம், சமைத்த உணவு விற்கக் கூடாது என்பது அந்த ஏற்பாடு. வீட்டிலிருந்து உணவைக் கூடையில் கட்டிக்கொண்டு பீர் தோட்டத்துக்குப் போகும் வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். இன்றும் துணி விரிக்காத மேசைகளில் அமர்ந்து சொந்த உணவைப் பிரித்துச் சாப்பிடலாம். பீரை மட்டும் அங்கே வாங்க வேண்டும். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிர்சாதன இயந்திரம் ஆலைகளுக்குள் வந்த பிறகு நிலவறைகளின் தேவை போயிற்று. மர நிழல் நிலைத்துவிட்டது.

இதே பவேரியாவின் வடபகுதியான ஃப்ராங்கோனியாவில் உள்ள பாம்பெர்க், பீர் பயணிகள் மிகுந்த பற்றோடு பேசும் ஊர். அதன் பழைய நகரம் 1993 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே பேராலயக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஷ்லெங்கெர்லா விடுதியில் கிடைக்கும் புகைப் பீர், முதல் வாய்க்குப் பலரைத் திடுக்கிட வைக்கும். கரும்பழுப்பு நிறம், விறகடுப்பில் வாட்டிய இறைச்சியின் மணம். பீச் மர விறகின் புகையில் மால்ட்டை உலர்த்துவதால் அது வருகிறது. ஒரு காலத்தில் தீயின் மேல்தான் மால்ட்டை உலர்த்தினார்கள் என்பதால் ஐரோப்பாவின் பெரும்பாலான பீரில் ஓரளவு இந்த மணம் இருந்திருக்கும். பில்சனைப் பொன்னிறமாக்கிய அதே சூட்டுக் காற்று முறை பரவியபோது மற்ற ஊர்கள் புகையைக் கைவிட்டன; பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லாவும் ஸ்பெட்ஸியாலும் விடவில்லை. ஆகவே அந்தக் குவளையில் இருப்பது ஒரு புதுமை முயற்சி என்று கொள்ளலாகாது; எல்லாரும் மறந்துவிட்ட பழைய சுவை அங்கே தொடர்ந்து உயிரோடு இருக்கிறது. முதல் குவளையோடு தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று ஊரார் சொல்வது உண்மையான அறிவுரை. பாதிக் குவளைக்குள் நாக்கு புகைக்குப் பழகிவிடும், அதன் அடியில் இருக்கும் மால்ட்டின் இனிப்பு மெல்ல மேலே வரும். அங்கே மரப் பீப்பாயை மேடை மேல் வைத்து, வாயு அழுத்தம் எதுவும் இன்றி, பீர் தானாக இறங்கும்படி திறந்துவிடுகிறார்கள். வாசல் வழியில் நின்றபடியே குடிக்கும் உள்ளூர்க்காரர்களும் உண்டு.

பாம்பெர்க்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தும் சிறிய ஆலைகள் நிறைந்திருக்கின்றன. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஆஃப்செஸ் என்ற கிராம ஊராட்சியில் நான்கு ஆலைகள் இருந்ததால் அது கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அந்த ஆலைகளை வயல்களின் ஊடாக இணைக்கும் சுமார் 14 கிலோமீட்டர் நடைபாதையில் நடந்து, ஒவ்வோர் இடத்திலும் அரை லிட்டர் குடித்து, உணவு உண்டு, மீண்டும் நடப்பது ஒரு முழு நாளுக்கான அழகான திட்டம். சிற்றூர் ஆலைகளின் விடுதிகளுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை உண்டு என்பதால், கிளம்புமுன் கிழமையை விசாரித்துக்கொள்ள வேண்டும். இத்தகைய விடுதிகளில் முன்பின் தெரியாதவர்களின் மேசையில் இடம் இருந்தால் கேட்டுவிட்டு உட்காருவது இயல்பான ஒன்று. அன்றாட வாடிக்கையாளர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மேசை மட்டும் எங்கும் இருக்கும்; அதில் அழைக்காமல் உட்காரக் கூடாது.

பீர் விழா என்றதும் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. 1810 அக்டோபரில் பட்டத்து இளவரசர் லுட்விக்குக்கும் இளவரசி தெரேசாவுக்கும் நடந்த திருமணத்தையொட்டி வைத்த குதிரைப் பந்தயத்தில் அது தொடங்கியது. மணமகளின் பெயரே இன்றும் அந்தத் திடலுக்கு வழங்குகிறது. பெயரில் அக்டோபர் இருந்தாலும் விழா செப்டம்பர் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும். நகர மேயர் முதல் பீப்பாயை நண்பகலில் தட்டித் திறந்த பிறகே மற்றவர்களுக்குப் பீர் கிடைக்கும். மியூனிக்கின் ஆறு ஆலைகள் மட்டுமே அங்கே பீர் விற்கலாம். ஒரு குவளை ஒரு லிட்டர், ஆல்கஹால் சுமார் 6 விழுக்காடு என்பதை மனத்தில் வைக்காதவர்கள்தான் மாலைக்குள் புல்வெளியில் சரிந்து கிடப்பவர்கள். திடலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் பெரிய கூடாரங்களில் இருக்கை கிடைத்தவருக்கே பீர் தருவார்கள் என்பதால், வார நாளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஒருமுறை பார்க்கத் தக்க விழாதான். எனினும் புதியவருக்கு நான் முதலில் சொல்வது எர்லாங்கன் நகரின் பெர்க்கிர்ஷ்வை என்ற குன்றுத் திருவிழா. 1755 முதல் பெந்தகோஸ்து பண்டிகையை ஒட்டிப் பன்னிரண்டு நாள் நடக்கும் அந்த விழாவில், பழைய நிலவறைகளின் வாயிலில், மரங்களின் அடியில், சரிவில் அடுக்கடுக்காகப் போட்ட பலகைகளில் ஊரே வந்து அமர்கிறது. நிலவறைக்கும் மரத்துக்கும் பீருக்கும் உள்ள உறவை அங்கே நேரில் காணலாம்; மியூனிக்கின் கூடாரங்களுக்குள் அது தெரியாது.

பருகும் பழக்கத்துக்காகவே போக வேண்டிய ஊர் ஜெர்மனியின் கொலோன். அதன் கோல்ஷ் பீர், ஏல் ஈஸ்ட்டால் நொதித்து, லாகரைப் போல் குளிரில் கிடத்தப்படும் வெளிர் பீர். நகரத்து ஆலைகள் 1986-இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, கொலோனிலும் அதை ஒட்டிய பகுதியிலும் காய்ச்சியதற்கே அந்தப் பெயர் உரியது. மெல்லிய நீள் உருளைக் கண்ணாடியில் வெறும் 0.2 லிட்டர்தான் ஊற்றுவார்கள். நீல உடை அணிந்த பணியாளர் வட்டத் தட்டில் நிரம்பிய கிளாஸ்களோடு வலம் வந்துகொண்டே இருப்பார். உங்கள் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் உள்ள அட்டை வில்லையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்பதற்கு ஒரே அடையாளம், அந்த அட்டையை எடுத்துக் கிளாஸின் மேல் மூடி வைப்பது. இதை அறியாதவர்கள் தட்டவும் முடியாமல், நிறுத்தவும் தெரியாமல் திணறுவதுண்டு. சிறிய கிளாஸ் என்பதால் பீர் குளிர்ச்சி இழப்பதற்கோ நுரை அடங்குவதற்கோ வாய்ப்பே இல்லை. பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள் இதுதான்.

பெல்ஜியம் இதற்கெல்லாம் மாறான உலகம். பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில், தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் உள்ள கான்டியோன் ஆலை 1900-இல் தொடங்கப்பட்டது. இங்கே ஈஸ்ட்டைச் சேர்ப்பதே இல்லை. கோதுமையும் பார்லி மால்ட்டும் கலந்து கொதித்த சாற்றைக் கூரைக்கு அடியில் உள்ள ஆழமற்ற அகன்ற செப்புத் தொட்டியில் இரவு முழுவதும் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன. கோடைக் காற்றில் வேண்டாத கிருமிகள் மிகுதி என்பதால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். பிறகு மரப் பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கும் இந்த லாம்பிக் பீர் புளிப்பானது, பெரும்பாலும் வாயு அற்றது. இளையதையும் முதிர்ந்ததையும் கலந்து புட்டியில் அடைத்து மீண்டும் நொதிக்கவிட்டால் கிடைப்பது குவேஸ். பீர் வைத்திருந்து முதிராது என்று முன்னால் சொன்னதற்கு இது அரிய விதிவிலக்கு. பீப்பாய்க் கூடத்தின் மூலைகளில் சிலந்தி வலைகளைக் கலைக்காமல் விட்டிருப்பார்கள். பீருக்கு வரும் பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துவிடுகின்றன என்பது அவர்களின் கணக்கு. சாதாரணப் பீரை எதிர்பார்த்துச் சுவைத்தால் முகம் சுளிக்க நேரும். புளிப்பை எதிர்பார்த்துச் சிறு மிடறாகச் சுவைத்தால் எலுமிச்சை, ஈர மரம், காய்ந்த வைக்கோல் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

பெல்ஜியத்தின் ட்ராப்பிஸ்ட் மடத் துறவிகள் காய்ச்சும் பீரைத் தேடிப் போகிறவர்கள், மடத்தின் ஆலைக்குள் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வெஸ்ட்வ்லெட்டரனில் மடத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில் அமர்ந்து அவர்களின் பீரைப் பருகலாம். அதோடு நிறைவடைய வேண்டியதுதான். அங்குள்ள 12 எண் பீரில் (செக் பலகையின் 12 வேறு, இது வேறு) ஆல்கஹால் 10 விழுக்காட்டுக்கும் மேல். ஒன்றைக் குடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வது முறை.

முதல் பயணத்துக்குப் பில்சன், பாம்பெர்க், கொலோன், பிரஸ்ஸல்ஸ் என்ற வரிசை வசதியானது; எல்லாமே ரயிலில் போய்ச் சேரக்கூடிய ஊர்கள். கார் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். செக் குடியரசில் வாகனம் ஓட்டுகிறவரின் இரத்தத்தில் ஆல்கஹால் சிறிதும் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு நாளைக்கு ஓர் ஆலை, ஒரு மதுக்கூடம் என்று வைத்துக்கொண்டு, வயிற்றில் உணவில்லாமல் தொடங்காமல், ஒவ்வொரு குவளைக்கும் இடையில் தண்ணீர் குடித்தால் கடைசி ஊர்வரை நாக்கு கூர்மையாக இருக்கும். அவ்வளவு தூரம் போவதற்கு முன் காய்ச்சும் கொப்பரைகளை ஒருமுறை பார்த்துவிட விரும்புகிறவர்களுக்குப் பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது; அங்கே பீரைத் தம் கூடத்திலேயே காய்ச்சி ஊற்றும் உணவகங்கள் பல உள்ளன. பருவத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஃப்ராங்கோனியாவின் மர நிழல் கோடைக்கு உரியது, கான்டியோனில் செப்புத் தொட்டி நிரம்பி ஆவி பறப்பதோ குளிர்காலத்தில். இரண்டில் எது வேண்டும் என்று தெரிந்த பிறகு பயணச்சீட்டு எடுப்பதே சரி.